பூட்டுத் திறக்கப் பழகுகிறீர்களா? முதல் பூட்டைப் பார்த்து எடுங்கள்

சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கப் பழக ஆசைப்படுபவர்கள் முதலில் தேடுவது கம்பிகளைத்தான். எந்தக் கொக்கி நல்லது, எத்தனை கம்பி கொண்ட தொகுப்பு வாங்கலாம், எந்த எஃகு வளையாது என்று நாள்கணக்கில் விசாரிப்பார்கள். பூட்டைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. வீட்டில் எங்கோ கிடந்த பழைய பூட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு மணி நேரத்தில் விரல் நோகும், மனசும் விட்டுப்போகும். "நமக்கு இது வராது" என்று எல்லாவற்றையும் மேசைக்குள் போட்டு மூடிவிடுவார்கள்.

அந்த இடத்தில் தவறு பெரும்பாலும் கையில் இருக்காது, பூட்டில் இருக்கும். கம்பி விஷயத்தில், உள்ளே இருப்பதைத் தூக்க நுனி வளைந்த ஒரு கொக்கியும், சாவி நுழையும் உருளையைத் திருப்பிப் பிடிக்க ஓர் அழுத்தக் கம்பியும் இருந்தால் முதல் சில மாதங்களை ஓட்டிவிடலாம். பூட்டு அப்படியில்லை. கற்றுக்கொடுக்கப் போவதே அதுதான். உங்கள் விரல் சரியாகச் செய்ததா தப்பாகச் செய்ததா என்று அந்த நொடியிலேயே பதில் சொல்லும் பூட்டு வேண்டும். பதில் சொல்லாத பூட்டிடம் ஆறு மாதம் உட்கார்ந்தாலும் கை தேறாது. சும்மா கம்பியை ஆட்டினாலே திறந்துகொள்ளும் பூட்டிடமும் அப்படித்தான்.

தொடங்கும் முன் இரண்டு விதிகள்

உங்களுக்குச் சொந்தமான பூட்டில் மட்டும் பழகுங்கள். அடுத்தவருடையது என்றால் அவர் வாய்திறந்து சம்மதம் சொல்லியிருக்க வேண்டும். இது முதல் விதி. புழக்கத்தில் இருக்கும் பூட்டில் கம்பியை விடாதீர்கள், அது உங்கள் சொந்த வாசல் பூட்டாகவே இருந்தாலும் சரி. இது இரண்டாவது. இதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் உலகமெங்கும் பிடித்து நிற்கிற விதிகள் இவை. 1997-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்கப்புறம் பல நாடுகளில் இப்படிச் சங்கங்கள் வந்துவிட்டன.

முதல் விதிக்கு விளக்கம் வேண்டியதில்லை. இரண்டாவதைத்தான் பலர் "என் கதவுதானே" என்று மீறுகிறார்கள். நானும் மீறியிருக்கிறேன். பழக ஆரம்பித்த மூன்றாவது வாரம், ஓர் இரவு வாசல் கதவின் சிலிண்டரில், அதாவது சாவி போடும் பூட்டுப் பகுதியில், கொக்கியை விட்டேன். அழுத்தம் கூடிப்போய் கொக்கியின் நுனி உள்ளேயே முறிந்தது. சாவி பாதிக்கு மேல் நுழையவில்லை. கதவைப் பூட்ட வழியில்லாமல் விடியும்வரை வீட்டில் இருந்தவர்கள் மாறி மாறிக் காவலிருந்தார்கள், மறுநாள் சிலிண்டரையே மாற்ற வேண்டியதாயிற்று. பழகும் கை ஸ்பிரிங்கை நசுக்கும், பின்களைக் கீறும், நுனியை முறிக்கும். அதெல்லாம் மேசைமேல் இருக்கும் பூட்டில் நடந்தால் பாடம். வாசலில் நடந்தால் வீடு திறந்து கிடக்கும்.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கம்பிகளை வைத்திருப்பது பற்றிய விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் 2003-இல் வந்த சட்டத்தின்படி தகுந்த காரணம் இல்லாமல் இவ்வகைக் கருவிகளை வைத்திருப்பதே குற்றம். வேறு பல இடங்களில் வைத்திருக்கத் தடையில்லை. எந்த நோக்கத்தோடு வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

பூட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நாம் பழக ஏற்றது, பின் எனப்படும் சின்ன உலோகத் துண்டுகள் வரிசையாக நிற்கும் பின் பூட்டு. அமெரிக்கரான லினஸ் யேல் 1848-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதே பெயர் கொண்ட அவர் மகன் 1861-இல் அதைச் சின்னத் தட்டைச் சாவியால் திறக்கும்படி மேம்படுத்தினார். இன்றும் கதவுகளிலும் தொங்கு பூட்டுகளிலும் பெரும்பாலும் இருப்பது அந்த அமைப்புதான்.

பூட்டின் உடலுக்குள் ஓர் உருளை. சாவி நுழைவது இந்த உருளைக்குள். உருளையையும் உடலையும் ஒருசேரத் துளைத்து வரிசையாக நான்கைந்து குழிகள். ஒவ்வொரு குழியிலும் கீழே ஒரு பின், அதன் தலைமேல் இன்னொரு பின், அதற்கு மேல் ஒரு ஸ்பிரிங். கீழே இருப்பது சாவிப் பின், மேலே இருப்பது தடுப்புப் பின். ஸ்பிரிங் தள்ளுவதால் தடுப்புப் பின் பாதி உருளைக்குள்ளும் பாதி உடலுக்குள்ளுமாகக் குறுக்கே நிற்கும். அதனால் உருளை திரும்பாது. சரியான சாவி ஒவ்வொரு ஜோடியையும் அதனதன் அளவுக்கு உயர்த்தும். இரண்டு பின்களும் சேரும் இடம், உருளையும் உடலும் பிரியும் கோட்டில் வந்து நிற்கும். எல்லா ஜோடியும் அப்படி நின்றதும் உருளை திரும்பும்.

அப்படியானால் கம்பியால் எப்படித் திறக்கிறது? ஐந்து குழிகளையும் ஒரே நேர்க்கோட்டில் துல்லியமாகத் துளைக்க எந்தத் தொழிற்சாலையாலும் முடியாது. ஒவ்வொன்றும் முடியளவு இப்படி அப்படித் தள்ளித்தான் இருக்கும். உருளையை அழுத்தக் கம்பியால் லேசாகத் திருப்பிப் பிடித்தால், எந்தக் குழி அதிகமாகத் தள்ளி இருக்கிறதோ அந்தத் தடுப்புப் பின் மட்டும் முதலில் இறுகும். மற்றவை ஸ்பிரிங்கில் துள்ளிக்கொண்டிருக்கும். இறுகியதைக் கொக்கியால் மெதுவாக உயர்த்தினால் அது கோட்டைத் தாண்டியதும் ஒரு சின்ன 'டிக்'. பின் 'விழுந்தது' என்று நான் சொல்வது இதைத்தான். அதோடு உருளை ஒரு நூலளவு திரும்பும். உடனே வேறொரு பின் இறுகும். அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். இப்படியே கடைசிப் பின் வரை.

இந்த 'டிக்'கையும் நூலளவுத் திருப்பத்தையும் விரலுக்குத் தெளிவாகக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் நல்ல பயிற்சிப் பூட்டு.

முதல் பூட்டு: பின்களைக் குறைக்க வசதியுள்ளது

பயிற்சிக்கென்றே செய்யப்படும் சிலிண்டர்கள் உண்டு. ஒவ்வொரு குழியின் மேலும் தலையில்லாத சின்னத் திருகு இருக்கும். திருகைக் கழற்றி ஸ்பிரிங்கையும் பின்களையும் எடுத்துவிடலாம், வேண்டும்போது திரும்பப் போடலாம். முதல் பூட்டாக இதைத்தான் சொல்வேன். கழற்றும்போது ஒரு வெள்ளைத் துணியையோ விளிம்பு உயர்ந்த தட்டையோ கீழே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் துள்ளி ஓடினால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வாங்கியதும் எல்லாப் பின்களையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு ஜோடியை மட்டும் போடுங்கள். ஒரு பின் பூட்டு உடனே திறந்துவிடும். அதற்காக இதைத் தாண்டிப் போகாதீர்கள். கையில் எடுத்து அழுத்தக் கம்பியை விடுங்கள். விரலின் எடையை மட்டும் அதன்மேல் வையுங்கள். கொக்கியால் பின்னைத் தொடுங்கள். இறுகிய பின் கல்லைத் தொட்டது போலிருக்கும். அழுத்தத்தை விட்டுவிட்டுத் தொட்டால் பஞ்சு போல அமுங்கும். அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், குறையுங்கள், அழுத்தமே இல்லாமல் ஒருமுறை தூக்குங்கள். வேண்டுமென்றே கோட்டுக்கு மேல் அதிகமாகத் தள்ளிப் பாருங்கள். சாவிப் பின்னே கோட்டில் சிக்கி உருளை அசையாமல் நின்றுவிடும். 'அதிகமாகத் தூக்கிவிட்டேன்' என்பதை விரல் இப்போதே அறிந்துகொண்டால், நாளைக்கு ஐந்து பின்களுக்கு நடுவில் அது நடக்கும்போது தெரிந்துவிடும்.

அப்புறம் இரண்டு பின். எது முதலில் இறுகுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பாருங்கள். அப்புறம் மூன்று. மூன்றில் ஒரு வாரம் செலவழித்தாலும் நஷ்டமில்லை. ஒன்றிலிருந்து ஐந்துக்கு நேரே தாவியவர்கள்தான் பெரும்பாலும் நடுவில் விட்டுவிடுகிறார்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று எனப் பின்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும் தனித்தனிப் பூட்டுகளும் தொகுப்பாக வருகின்றன. அவையும் நல்லவைதான். ஆனால் திறந்து மாற்ற வசதியுள்ள ஒரே சிலிண்டர் அந்தத் தொகுப்பு முழுவதன் வேலையையும் செய்துவிடும். பின்களை இடம் மாற்றிப் போட்டால் அது புதுப் பூட்டு.

கண்ணாடிப் பூட்டு

உள்ளே எல்லாம் தெரியும்படி தெளிந்த பிளாஸ்டிக்கில் செய்த பூட்டைத்தான் புதியவர்கள் அதிகம் வாங்குகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். மேலே சொன்ன பின், கோடு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பொருள் கிடையாது. வீட்டில் யாருக்காவது விளக்கிக் காட்டவும் உதவும்.

பழக மட்டும் உதவாது. நான் என் முதல் இரண்டு வாரத்தை இதில்தான் கழித்தேன். பத்து நொடியில் திறந்தேன், ஐந்து நொடியில் திறந்தேன், கை தேறிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு பித்தளைப் பூட்டை எடுத்தபோது ஒன்றுமே புரியவில்லை. அந்த இரண்டு வாரமும் திறந்தது கண், விரல் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. தவிர, பிளாஸ்டிக் மென்மையானது. குழிகள் தேய்ந்து தளர்வாகிவிடும், 'டிக்' மழுங்கிவிடும். உலோகத்தில் கிடைக்கும் அதிர்வு அதில் வராது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஒரு துணியால் சுற்றி மூடிவிட்டுப் பழகுங்கள், கொஞ்சமாவது பயன் கிடைக்கும்.

ஒரு பக்கம் வெட்டி உள்ளே தெரியும்படி செய்த உலோகப் பூட்டு இதைவிட மேல். அதைப் பார்த்துக்கொண்டே சில நாள், வெட்டிய பக்கத்தைக் கீழே திருப்பிவைத்துச் சில நாள் என்று பழகலாம்.

முதல் சாதாரணப் பூட்டு: சாவியைப் படியுங்கள்

பயிற்சிச் சிலிண்டரில் நான்கு பின் வரை நிதானமாகத் திறக்க வந்துவிட்டதா? சரி, இப்போது கடைப் பூட்டு ஒன்று வாங்கலாம். இங்கேதான் கவனமாகப் பார்த்து எடுக்க வேண்டும். பூட்டின் அட்டையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். சாவியைக் கையில் எடுங்கள். பூட்டின் ஜாதகமே அதில் இருக்கிறது.

முதலில் எண்ணிக்கை. சாவியின் பல் வரிசையில் எத்தனை பள்ளங்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒவ்வொரு பள்ளமும் ஒரு பின் உட்காரும் இடம். அக்கம்பக்கத்து இரண்டு பள்ளங்கள் ஒரே ஆழத்தில் இருந்தால் சேர்ந்து ஒரே மேடை போலத் தெரியும், அதை இரண்டாக எண்ண வேண்டும். முதல் பூட்டுக்கு நான்கு போதும், ஐந்து இருந்தாலும் பரவாயில்லை. மூன்று பின் கொண்ட மிகச் சிறிய பூட்டுகளைத் தவிருங்கள். பின் குறைவு என்பதால் சுலபம் என்று தோன்றும். ஆனால் சாவித்துளை அவ்வளவு சின்னதாக இருக்கும், அழுத்தக் கம்பியும் கொக்கியும் ஒன்றாக நுழையவே இடமிருக்காது.

அடுத்து ஆழம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். சாவியில் ஆழமான பள்ளம் என்றால் அங்கே நீளமான சாவிப் பின் இருக்கிறது. அதன் தலை ஏற்கெனவே கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் கொஞ்சம் தூக்கினாலே போதும். ஆழம் குறைந்த பள்ளம் என்றால் குட்டையான பின், நிறையத் தூக்க வேண்டும். இப்போது சாவியின் கைப்பிடிப் பக்கத்தில் ஆழமான பள்ளமும் நுனிப் பக்கத்தில் ஆழமில்லாத பள்ளமும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் குட்டைப் பின்னை உயரத் தூக்கப் போகும்போது, கொக்கியின் தண்டு வாசலில் நிற்கும் நீளப் பின்னை இடித்து அதிகமாகத் தூக்கிவிடும். கை தேர்ந்தவர்களுக்கே தலைவலி தரும் அமைப்பு இது.

அதனால் பள்ளங்களுக்கிடையே ஆழம் பெரிதாக மாறாத சாவி முதல் பூட்டுக்கு நல்லது. கைப்பிடியிலிருந்து நுனியை நோக்கிப் பள்ளம் சிறிது சிறிதாக ஆழமாகிக்கொண்டே போனாலும் சரி. மலைத்தொடர் போல ஏறி இறங்கும் சாவியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். ஒரே மாதிரிப் பூட்டு பத்து அடுக்கியிருந்தாலும் ஒவ்வொன்றின் சாவியும் வேறு. உறைக்கு வெளியே சாவி தெரிகிறதென்றால் நான்கைந்தை எடுத்துப் பார்த்து, சாந்தமான சாவியாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் பல வாரப் போராட்டம் மிச்சமாகும்.

மூன்றாவது, சாவித்துளை. முன்னாலிருந்து நேராகப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒளி போகும்படி அகலமாக, அதிகம் வளையாமல் இருக்க வேண்டும். சில பூட்டுகளில் துளையின் இரு பக்கச் சுவரும் நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டு, பாம்பு போல நெளிந்திருக்கும். கொக்கி அதில் நுழையும், ஆனால் ஒவ்வொரு அசைவிலும் சுவரில் உரசும். உரசலா, பின் இறுகியதா என்று புதிய விரலுக்குப் பிரித்துத் தெரியாது. பழகுபவர்களிடம் இருக்கும் கொக்கிகள் பெரும்பாலும் 0.6 மில்லிமீட்டர் தடிமன். அது தாராளமாகப் போய்வரும் துளையாகப் பார்த்துக்கொண்டால் போதும். நெளிந்த துளைகளுக்கு 0.4 மில்லிமீட்டர் அளவில் மெல்லியவை உண்டு, அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். சில தொங்கு பூட்டுகளில் உருளையே ஒரு ஸ்பிரிங்கோடு இணைந்திருக்கும். சாவியைத் திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் தானாகப் பழைய இடத்துக்கு ஓடிவரும். இந்த வகையில் அழுத்தக் கம்பி அந்த ஸ்பிரிங்கையும் எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும். எவ்வளவு அழுத்தம் பின்களுக்குப் போகிறது, எவ்வளவு ஸ்பிரிங்குக்குப் போகிறது என்று விரலுக்குத் தெரியாது. திருப்பிய இடத்திலேயே நிற்கும் உருளைதான் நல்லது. தொங்கு பூட்டில் அது கிடைக்கவில்லை என்றால், கதவுக்குப் பொருத்தும் சிலிண்டரைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இந்தத் தொல்லை இல்லை.

சிலிண்டரைக் கையில் பிடிப்பது கொஞ்சம் சிரமம். மேசையில் பொருத்தும் சின்ன வைஸ் ஒன்று இருந்தால் வசதி. இறுக்கிப் பிடிக்கும்போது இரண்டு பக்கமும் துணியோ தோலோ வைத்துக்கொள்ளுங்கள், அதிகம் இறுக்காதீர்கள். உடல் நசுங்கினால் உள்ளே உருளை பிடித்துக்கொள்ளும். சிலிண்டரைக் கையில் பிடித்தே பழகியவர்கள் உண்டு, அதிலும் ஒரு லாபம் இருக்கிறது. பின் விழும் அதிர்வு இடது உள்ளங்கையிலும் தெரியும். நான் இன்றும் புதிய பூட்டை முதலில் கையில்தான் பிடிப்பேன்.

எவற்றை விட்டுவிட வேண்டும்

மிக மட்டமான பூட்டு வேண்டாம். சுலபம்தானே என்று தோன்றும். அதில் குழிகள் பெரிதாக, பின்கள் ஆடிக்கொண்டு, உருளைக்கும் உடலுக்கும் நடுவே காற்றுப் போகும்படி இருக்கும். ரேக் என்று சொல்லும் அலையலையான கம்பியை விட்டு முன்னும் பின்னும் உரசினால் தானே திறந்துவிடும். எப்படித் திறந்தது என்று உங்களுக்கும் தெரியாது. திறந்த மகிழ்ச்சி இருக்கும், திறமை கூடியிருக்காது. இன்னும் மோசமான சிலவற்றில் குழியின் விளிம்பில் உலோகப் பிசிறு அப்படியே விட்டிருப்பார்கள். பின் எங்கே வேண்டுமானாலும் சிக்கி நின்று, பொய்யான 'டிக்' கொடுக்கும்.

எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்த தொங்கு பூட்டைப் பலருக்குத் தெரியும். மாஸ்டர் லாக் நிறுவனத்தின் 3-ஆம் எண் பூட்டு அந்த வகையில் பேர்போனது, நான்கு சாதாரணப் பின்கள் கொண்டது. புதியவர்கள் முதலில் திறக்கும் பூட்டு பல இடங்களில் இதுதான். வாங்கலாம், தப்பில்லை. தளர்வான பூட்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ரேக்கை எடுக்காமல், ஒவ்வொரு பின்னாகத் தேடித் திறந்தால்தான் அதிலிருந்து ஏதாவது கிடைக்கும்.

உடல்மேல் '6 லீவர்', '7 லீவர்' என்று பொறித்த கனமான பூட்டுகள் வேறு இனம். அவற்றுக்குள் பின் கிடையாது, அடுக்கடுக்கான லீவர் தகடுகள்தான். 1778-இல் இங்கிலாந்தின் ராபர்ட் பேரன் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழி வந்தவை. அவற்றுக்கு வேறு கம்பி வேண்டும், வேறு பழக்கம் வேண்டும். கையிலிருக்கும் கொக்கியை அதற்குள் விட்டு மல்லுக்கட்ட வேண்டாம். சாவியின் தட்டையான முகத்தில் குழிக்குழியாக இருக்கும் பூட்டு, வட்டக் குழாய் போன்ற சாவி கொண்ட பூட்டு, சுழலும் தட்டுகள் கொண்ட பூட்டு, எண் பூட்டு இவை எல்லாமே தனித்தனிப் பாடங்கள். பின் பூட்டில் கை தேறிய பிறகு ஒவ்வொன்றாகப் போகலாம். மேசை இழுப்பறையிலும் அலமாரியிலும் வரும் சின்னத் தகட்டுப் பூட்டு மட்டும் கம்பியைப் பிடித்துப் பழக ஓரளவு உதவும், ஆனால் பின் விழும் உணர்வு அதில் கிடைக்காது.

பழைய பூட்டு வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம், சாவி கூட இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. சாவி இல்லாத பூட்டில் நீங்கள் தோற்றால், தோற்றது நீங்களா, துருப்பிடித்த பூட்டா என்று தெரிய வழியில்லை. சாவி இருந்தால் போட்டுத் திருப்பிப் பார்க்கலாம். வழவழவென்று திரும்பினால் பூட்டு நலம், குறை நம் கையில். திரும்பும்போது கரகரத்தால் உள்ளே அழுக்கு. மண்ணெண்ணெய் போன்ற ஒன்றில் ஊறவைத்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கிராஃபைட் தூளைக் கொஞ்சம் விடுங்கள். சமையல் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் வேண்டாம். தூசியைப் பிடித்துக் கொஞ்ச நாளில் பிசினாகி, பின்கள் துள்ளுவதையே நிறுத்திவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு கஷ்டம்

அடுத்தடுத்த பூட்டுகளைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. பூட்டைக் கடினமாக்குபவை நான்கு: பின்களின் எண்ணிக்கை, சாவிப் பள்ளங்களின் ஏற்ற இறக்கம், சாவித்துளையின் நெளிவு, ஏமாற்றுப் பின்கள். புதிய பூட்டு வாங்கும்போது இவற்றில் ஒன்று மட்டும் கூட வேண்டும். நான்கு பின்னில் இருந்து ஐந்துக்குப் போகிறீர்களா, துளை பழையபடி அகலமாகவே இருக்கட்டும். துளை குறுகியதைப் பழகுகிறீர்களா, பின் நான்காகவே இருக்கட்டும். இரண்டு மூன்று ஒன்றாகக் கூடினால், எதில் தடுக்கி விழுகிறோம் என்றே தெரியாமல் போகும்.

ஏமாற்றுப் பின்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் தெரியாமல் இரண்டாவது பூட்டிலேயே இவற்றிடம் மாட்டிக்கொள்கிறார்கள். சாதாரணத் தடுப்புப் பின் நேரான உருளை வடிவம். ஸ்பூல் பின் என்பது நூல்கண்டு போல இடுப்பு ஒடுங்கியது. திறக்கும்போது எல்லாப் பின்னும் விழுந்தது போலத் தோன்றும். உருளை ஒரேயடியாக நன்றாகத் திரும்பும், சில பாகை. 'திறந்தாச்சு' என்று நினைப்பீர்கள். அதோடு நின்றுவிடும். ஸ்பூலின் ஒடுங்கிய இடுப்பு கோட்டில் சிக்கியிருக்கிறது. அந்தப் பின்னைக் கொக்கியால் தூக்கினால் உருளை திரும்பவும் எதிர்ப்பக்கம் வர முயலும், அழுத்தக் கம்பி விரலைத் தள்ளுவது தெரியும். அப்போது அழுத்தத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உருளையைப் போகவிட வேண்டும். விட்டுக்கொடுத்தால் பின் கோட்டைத் தாண்டி உட்காரும். விட்டுக்கொடுக்கும்போது முன்பு கோட்டைத் தாண்டி நின்ற பின்கள் சில மறுபடி கீழே இறங்கிவிடும், அவற்றைத் திரும்ப வைக்க வேண்டும். இதைத் தெரியாமல் எதிர்ப்பவர் பித்தளைப் பூட்டை மாதக்கணக்கில் திருகிக்கொண்டிருப்பார்.

இதைப் பழகவும் பயிற்சிச் சிலிண்டருக்கே திரும்புங்கள். நான்கு சாதாரணப் பின், ஒரு ஸ்பூல். அந்த ஒரு ஸ்பூலை ஒவ்வொரு குழியாக இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்புறம் இரண்டு ஸ்பூல். இது வந்த பிறகு கடைப் பூட்டுக்குப் போகலாம். மாஸ்டர் லாக் 140 என்ற பித்தளைப் பூட்டு நான்கு பின்தான், ஆனால் ஸ்பூல்கள் உண்டு, அதனால் இந்தக் கட்டத்துக்குப் பொருத்தம். அதே நிறுவனத்தின் 410 என்ற பிளாஸ்டிக் உடல் கொண்ட பாதுகாப்புப் பூட்டில் ஆறு பின். அமெரிக்கன் லாக் 1100 என்ற அலுமினியப் பூட்டில் ரம்பப் பல் போல வரிவரியாக வெட்டிய பின்களும் இருக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு பொய் 'டிக்' கொடுக்கும், ஒரே பின்னில் மூன்று நான்கு முறை ஏமாறுவீர்கள். அதை நான் முதல் முறை திறக்க ஐந்து வாரம் பிடித்தது. அந்த ஐந்து வாரத்தில் என் அழுத்தக் கம்பி கற்றது, அதற்கு முன் ஒரு வருடத்தில் கற்றதைவிட அதிகம். முதல் பூட்டாக வாங்கியிருந்தால் நானும் விட்டுவிட்டு ஓடியிருப்பேன்.

எத்தனை பூட்டு வேண்டும்

ஒரே பூட்டை முப்பது முறை திறந்தால் விரல் அந்தப் பூட்டை மனப்பாடம் செய்துவிடும். மூன்றாவது பின், ஒன்றாவது, நான்காவது, இரண்டாவது என்று கை தானாகப் போகும். அதற்கு மேல் அங்கே கற்க ஒன்றுமில்லை. அதனால் ஒரே அளவு கஷ்டமுள்ள மூன்று பூட்டுகளைச் சேர்த்து, மாற்றி மாற்றித் திறப்பது நல்லது. ஒவ்வொன்றையும் அன்று முதல் முறையாக எடுக்கும்போது எது முதலில் இறுகியது, எங்கே அதிகமாகத் தூக்கினேன் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு பூட்டைத் தொடர்ந்து ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் எந்தப் பின் எப்போது விழுந்தது என்று சொல்லிக்கொண்டே திறக்க முடிந்தால் அடுத்ததை வாங்கலாம். வேகம் ஒரு கணக்கே இல்லை. 1851-இல் லண்டன் பெருங்காட்சியின்போது, ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், திறந்தால் 200 கினி (அக்கால பிரிட்டிஷ் பணம்) பரிசு என்று சவால் விட்டு பிராமா நிறுவனம் தன் கடை ஜன்னலில் பல்லாண்டாக வைத்திருந்த பூட்டை, அந்த நிறுவனத்தின் அனுமதியோடே திறந்தார். 16 நாள்களில் பரவிய சுமார் 51 மணி நேரம் பிடித்தது. யாரும் அவரை மெதுவானவர் என்று சொன்னதில்லை.

பூட்டைப் பார்த்துக்கொள்வது

ஒவ்வொரு பூட்டின் சாவியையும் ஒரு நூலில் கோத்து, பின் எண்ணிக்கையையும் வாங்கிய நாளையும் ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டிவிடுங்கள். பத்துப் பூட்டு சேர்ந்த பிறகு எது எதன் சாவி என்று தேடுவது பெரும்பாடு. பழகி முடித்ததும் அழுத்தத்தை முழுக்க விட்டு, பின்கள் எல்லாம் இறங்கிவிட்டனவா என்று சாவியைப் போட்டுச் சரிபாருங்கள்.

கதவுச் சிலிண்டரில் ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். திறந்த மகிழ்ச்சியில் உருளையைப் பாதிச் சுற்று திருப்பிவிட்டால், சாவித்துளையின் அடிப்பக்கம் இப்போது பின்களுக்கு நேரே வந்து நிற்கும். ஸ்பிரிங் தள்ளுவதால் தடுப்புப் பின்கள் அந்தப் பிளவுக்குள் இறங்கி மாட்டிக்கொள்ளும். உருளை முன்னாலும் போகாது, திரும்பியும் வராது. பூட்டு உடைந்துவிட்டது என்று பயந்து பலத்தைக் காட்டாதீர்கள். கொக்கியின் முனையை வெளியே விட்டு, அதன் தட்டையான பின்பக்கத்தை அந்தப் பிளவு நெடுகிலும் உள்ளே செருகுங்கள். இறங்கிய பின்கள் எல்லாம் ஒன்றாக மேலே போகும். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு உருளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் அந்த இடத்தைத் தாண்டிவிடும். பழைய நிலைக்கு வந்ததும் கம்பிகளை எடுத்துவிட்டுச் சாவியைப் போட்டு இரண்டு முறை திருப்பிப் பாருங்கள். வழக்கம்போலத் திரும்பினால் பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.